அக்கா எழுதிக் கொடுத்த குடும்பம்

மழைக்குப் பயந்து ஓடி வந்தவன், மாடிப்படித் திருப்பத்தில் அவள் மேலேயே வந்து மோதினான். அவள் கையிலிருந்த புது நோட்டு ஈரத்தில் விழுந்தது.

"கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க... இப்பதான் நல்லாவே தெரியுது."

சுள்ளென்று நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி தொங்க, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

இருவரும் போனது ஒரே அறைக்குத்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு. அங்கே டீச்சர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பார்க்கும் தொழில்தான் பேர். பழைய துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் அவள் 'தையல்'. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவன் 'லிஃப்ட்'.

"அதான் படியேறத் தெரியலை," என்று முணுமுணுத்தாள்.

"பழக்கம் விட்டுப்போச்சுங்க," என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்த மூன்று வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலாவது வாரம் வந்தது வினை. அவரவர் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். பயந்துபோய் அக்காவிடம் நின்றாள். படித்த அக்கா, தன் குடும்பத்தைப் பற்றியே பத்து வரி எழுதிக் கொடுத்தாள். கணவர் அச்சகம் நடத்துகிறார், இரண்டு மகள்கள்...

"உனக்கேத்த மாதிரி மாத்திக்கோடி," என்றாள் அக்கா. மாற்றுகிற அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தால் இவள் ஏன் அங்கே போகிறாள்? அப்படியே நெட்டுருப் போட்டு, மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். வகுப்பே கைதட்டியது. தப்பில்லாமல் சொல்லி முடித்த பூரிப்பில், என்ன சொன்னோம் என்று யோசிக்க அந்தப் பைத்தியத்துக்கு ஏது நேரம்?

மறுநாள் அவன் கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

ஏன் என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே! 'நான் கைதட்டல் வாங்கினது பொறுக்கலையா? இல்ல, ஊசி பிடிக்கிறவகிட்ட என்ன பேச்சுன்னு தோணிடுச்சா?' ஒருநாள் அக்காவின் மகள்களை இவள் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது எதிரே வந்தான். குழந்தைகளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு தெருவைக் கடந்துவிட்டான். அன்று, சத்தம் வெளியே கேட்காதிருக்க, மிஷினை ஓட்டிக்கொண்டே அழுதாள்.

அப்படியே வருடம் ஓடிவிட்டது. கடைசி வகுப்பில், ஒரு வருடத்தில் கற்றதை எழுதி வாசிக்கச் சொன்னார் டீச்சர். போனை எடுக்க இப்போது பயமில்லை, அளவு கேட்டு எழுதிக்கொள்ள முடிகிறது என்று வாசித்தாள். அவனைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் எழுந்து, "பேச வந்த இடத்தில் வாயை மூடக் கற்றுக்கொண்டேன்," என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

படியில் இறங்கும்போது பின்னாலேயே வந்தான்.

"வர்றேங்க... வீட்டுக்காரரையும் பிள்ளைங்களையும் கேட்டதா சொல்லுங்க."

"எந்த வீட்டுக்காரர்?"

"அதான்... அச்சகம் வெச்சிருக்காரே."

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அது எங்க அக்கா வீட்டுக்காரருங்க! அக்கா எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன். பிள்ளைங்களும் அவளோடதுதான். எனக்குக் கல்யாணமே ஆகலை!"

அவன் முகம் வெளுத்துப்போனது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க," என்றாள்.

"நீங்க கேட்டீங்களா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நேத்துதான்..." அவன் குரல் உடைந்தது. "அம்மா பார்த்த பொண்ணுக்குச் சரின்னு சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்டயும் பேசியாச்சு. எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா... எப்படிங்க இல்லேன்னு சொல்லுவேன்?"

"சொல்லாதீங்க," என்றாள் சட்டென்று. அவளுக்கு உயிரே போனது. "யாரோ ஒருத்தி அழறதுக்கு நான் காரணமா இருக்க வேணாம். ஆனா ஒண்ணு... தெரியாமலே போயிடாதீங்க. இந்த வருஷம் பூரா நான் உங்களைத்தான் நெனச்சேன்."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நானும்தாங்க," என்றான் தலை நிமிராமல். "நேத்து அம்மாகிட்ட தலையாட்டினப்பவும் கூட..."