பூட்டிய அறைக்கு வைத்த விசிறி

புழுக்கத்தை வெளியே இழுக்கும் சுவர் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நிருபன் குளியலறையில் கதிரை போட்டு ஏறி, ஒரு துண்டுக் கடதாசியை அதன் முன்னால் பிடித்தான். இழுபட்டு ஒட்டவேண்டிய கடதாசி அவன் முகத்தில் வந்து அடித்தது. விசிறி வெளிப்பக்கமாகத்தான் சுற்றுகிறது, காற்று மட்டும் உள்ளே வருகிறது. இதென்ன கோதாரி!

அவன் மனைவி கோசலா பிள்ளை பெற்று இன்றோடு பதினெட்டு நாள். வேப்பிலையும் நொச்சியும் அவித்த சுடுதண்ணீரில்தான் குளிப்பு. காற்றுப் பட்டால் கூடாதென்று யன்னலையும் அடைத்தாகிவிட்டது. நேற்று அந்தப் புழுக்கத்தில் மயங்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டாள். பிரசவத்தின்போதே அவளை இழக்க இருந்தவன் அவன். இன்னொரு தடவை தாங்க ஏலாது.

குளியலறை கட்டிய மேசன் முருகேசுவுக்குப் போன் எடுத்தான். "விசிறியை வெளிச்சுவரிலை வைச்சிருக்கலாமே, அண்ணை?"

"எங்கடை உப்புக்காத்து ஆறு மாசத்திலை மோட்டரைத் திண்டுபோடும், தம்பி. அதுதான் உம்மடை தமையன்ரை அறைப்பக்கம் வைச்சனான். ஆக்கள் இல்லாத அறைதானே."

வீட்டின் அந்தப் பாதி கனடாவில் இருக்கும் தமையனின் பங்கு. ஏழு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான்.

மத்தியானம் பழைய விசிறியைக் கழற்றினான். தூசியும் எலிப்புழுக்கையும் மணக்கும் என்று நினைத்திருந்தான். ஆனால் அந்த வட்ட ஓட்டைக்குள்ளிருந்து ஈரக் கூந்தலும் நொச்சியிலையும் பால் ஊறிய துணியும் கலந்து மணக்கும் இளஞ்சூட்டுக் காற்று வந்து, அவன் கழுத்தைத் தடவி, சற்று நின்று, மெல்லத் திரும்பி உள்ளே போனது. மறுபடி வந்தது. கோசலா குளித்த புழுக்கம்தான் அங்கே அடைந்து கிடக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாழ்ப்பாணத்தில் வாங்கிவந்த பெரிய விசிறியை அந்த ஓட்டையில் பூட்டினான்.

கோசலா குளிக்கப் போனாள். "நல்லா இழுக்குதப்பா. இப்ப மூச்சு விடலாம்," என்று உள்ளிருந்து சிரித்தாள். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நின்றான்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. விசிறியின் இரைச்சல் திடீரென்று தாழ்ந்தது, எதையோ விழுங்குவதுபோல.

"கோசலா?"

கதவைத் தட்டினான்.

"கோசலா! கதவைத் திறவும்!"

உதைத்தான். கொண்டி தெறித்தது.

யாரும் இல்லை. வாளியில் தண்ணீர் இன்னும் சுட்டது. யன்னல் அடைத்தபடியே இருந்தது. சுவிச்சை நிறுத்தினான். ஓடிப்போய் மெயின் சுவிச்சையும் நிறுத்திவிட்டு வந்தான். விசிறி அப்போதும் சுற்றியது.

"இஞ்சேருங்கோ."

அவளுடைய குரல். சுவருக்கு அந்தப் பக்கம். மிகக் கிட்ட.

"பிள்ளையைத் தாங்கோ. பால் குடுக்கோணும்."

"ஐயோ, நீர் எப்பிடி அங்கை..."

சுழலும் தகடுகளுக்கு நடுவால் ஈர விரல்கள் வந்தன. ஒன்று. இரண்டு. ஐந்து. பிறகும் விரல்கள்.

பிள்ளை அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, பாலுக்கு வாயைத் திறந்தது. அவன் இறுக்கி அணைத்தான். இன்னும் இறுக்கினான். அவன் கைக்குள் பிள்ளையின் பாரம் குறைந்துகொண்டே வந்தது.