மலைக்கு மேலே ஓர் ஆறு

"வண்டியைத் திருப்பு ஜெய்லானி, அந்தப் பள்ளத்துல இறக்காதே!"

"இறக்காம வாப்பாவை எப்படித் தேடுறது லாத்தா? டயர் தடம்..."

"தடம் கெடக்கட்டும், கரையோடவே ஓட்டுன்னு சொல்..."

"...நேரா உள்ளேதான் போவுது! வானத்தைப் பாரு. ஒரு துண்டு மேகம் இருக்கா?"

இல்லைதான். ஓமான் பாலைவனத்தின் மேல் வெயில் பளீரென்று அடித்தது. முன்னால், மலையிலிருந்து இறங்கிவரும் அகலமான மணல் ஆறு, எலும்பாய்க் காய்ந்து கிடந்தது.

தம்பி லாத்தா என்றழைக்கும் அக்காள் சுலைகாவுக்கு அங்கே வானிலை நிலையத்தில் வேலை. தம்பி ஜெய்லானி மெக்கானிக். இருவரும் கீழக்கரைப் பிள்ளைகள். தண்ணீர் லாரி ஓட்டும் வாப்பா சதக்கு, தூரத்து முகாமில் தண்ணீரை இறக்கிவிட்டு நேற்றே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. போனும் எட்டவில்லை.

"மேகமே இல்லாம எந்த ஊர்ல வெள்ளம் வருது?"

"நம்ம தலைக்கு மேல ஓர் ஆறு ஓடுதுடா! கடல் ஆவியெல்லாம் ஒடுங்கின பட்டையா, ஆயிரம் மைல் தாண்டி வருது. கண்ணுக்குத் தெரியாது. மலையில முட்டினா மேல ஏறும், குளிரும், கொட்டும். காலையிலேயே முட்டிருச்சு. கொட்டுறது அங்கே, வந்து சேர்றது இந்தப் பள்ளத்துல!"

ஜெய்லானி ஸ்டியரிங்கைக் கரைப்பக்கம் ஒடித்தான். ஜீப் கல்லில் ஏறிக் குதித்தது!

ஒரு வளைவு, இன்னொரு வளைவு.

"அதோ லாரி!"

ஆற்றின் நட்டநடுவில், ஒரு மரத்தடியில், காலி லாரி மணலில் அச்சுவரை புதைந்து நின்றது. பக்கத்தில் சதக்கு, நம்மூர் வைகையில் தோண்டுவதுபோலவே ஓர் ஊற்றைத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்!

"வாப்பா! ஓடி வாங்க!" சுலைகா கரையிலிருந்து கத்தினாள்.

"நீங்க இறங்கி வாங்க புள்ளைங்களா! கயிறு இருக்கா? வண்டியை இழுத்துட்டுப் போவோம். ஊத்துத் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கு!"

"வெள்ளம் வருது!"

"வெயில்லயா? அடிப் போடி! ஆத்துல தண்ணி வரணும்னா அணை திறப்பாங்க, முன்னாடியே தண்டோரா போடுவாங்க. வைகையில படுத்து வளர்ந்தவன்டி நான்!"

"இங்கே அணையும் இல்லை, தண்டோராவும் இல்லை வாப்பா!"

"முதலாளி வண்டி. விட்டுட்டு வரமாட்டேன்!"

ஜெய்லானி ஜீப்பின் முன்னால் மோட்டார் உருளையில் சுற்றியிருந்த கயிற்றை உருவி இடுப்பில் கட்டினான். "லாத்தா, நான் கையைத் தூக்கினா இழு!" பாய்ந்து இறங்கி மணலில் ஓடினான்.

அப்போதுதான் சதக்கு அதைப் பார்த்தார். மேட்டிலிருந்து சுள்ளியும் ஆட்டுப் புழுக்கையுமாக ஒரு நுரை, பாம்புபோல மணலில் ஊர்ந்து வந்தது. பின்னால் குமுறல். தரை அதிர்ந்தது!

"யா அல்லா! வெயில்ல தண்ணியா?"

"பேச்சு அப்புறம், பிடிங்க என்னை!"

கால் நனைந்தது. முழங்கால் முழுகியது. அடுத்த மூச்சில் இடுப்பு! பழுப்புச் சுவர் ஒன்று வளைவைச் சுற்றித் திரும்பியது. ஜெய்லானி கையைத் தூக்கினான். சுலைகா மோட்டார் விசையைத் தட்டினாள். கயிறு விண்ணென்று தெறித்தது. இருவரும் தண்ணீரில் புரண்டு, பாறையில் உரசி, சட்டை கிழிந்து... கரை!

கீழே காலி லாரி பந்துபோல் மிதந்து, ஒருமுறை சுற்றி, மரத்தோடு மறைந்தது.

சதக்கு இருமினார். "முதலாளிகிட்ட என்னன்னு சொல்ல?"

"உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க," என்றான் ஜெய்லானி. மூவரும் சிரித்தார்கள். அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது.

பிற்பகல் அசர் தொழுகை நேரத்தில் வெள்ளம் மட்டுப்பட்டது. "நான்தான் ஓட்டுவேன், தள்ளு" என்று சதக்கு பிடிவாதமாக ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஓட்டத்துக்கு நடுவே சுலைகாவின் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. "மூணு பேரும் முழுசா வாறோம், சோறாக்கு!" என்று வீட்டில் காத்திருந்த மனைவியிடம் கத்தினார் சதக்கு.

சாலை இரண்டாகப் பிரிந்தது. குறுக்கு வழி, இன்னொரு காய்ந்த ஆற்றின் வழியே. மற்றது மலைமேட்டைச் சுற்றி. சதக்கு பிரேக்கை மிதித்தார். நாற்பது வருஷம் யாரிடமும் வழி கேட்காத மனிதர், மகள் பக்கம் திரும்பினார்.

"மேல ஓடுற ஆறு இப்ப எங்கே நிக்குது? நீ சொல்லும்மா, வாப்பா ஓட்டுறேன்."