படத்தில் மறைந்த குளம்

சாருலதாவின் அம்மா ஜலஜாவுக்கு விசித்திரமான வேலை. செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, எங்கெங்கே குளம் இருக்கிறது என்று குறிப்பார்.

குளிர்காலத்தில் காட்டு வாத்துகள் வெகுதொலைவிலிருந்து வரும். அவை இறங்கும் குளத்தில் வீட்டு வாத்துகளும் நீந்தினால் பறவைக் காய்ச்சல் தொற்றலாம். அதனால் அம்மா குறிக்கும் இடங்களுக்குத்தான் கால்நடை மருத்துவர்கள் முதலில் போவார்கள்.

அன்று அம்மா முகம் வாடியிருந்தது. "ஒரு கோழிப்பண்ணையில காய்ச்சல் வந்துடுச்சு. நல்லவேளை, நம்ம ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் குளமே இல்லை."

சாரு கணினியை எட்டிப் பார்த்தாள். "ஏம்மா இவ்வளவு சிவப்பு?"

"இது நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளியில எடுத்த படம். இலைகள் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். அதைச் சிவப்பாக் காட்டுறோம். தண்ணி விழுங்கிடும். அதனால கறுப்பு."

படத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கறுப்பே இல்லை. அங்கே குளம் உண்டு! இந்த வருடம் ஆகாயத் தாமரை அதை மூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும்.

அவள் தோழி நஸ்ரினின் மூன்று வாத்துகள் தினமும் அங்கேதான் நீந்தும். சொன்னால் அவற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ? சொல்லாவிட்டால்?

"அம்மா... பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிறது புல்தரை இல்லை. குளம்."

அம்மா உடனே மருத்துவரை அழைத்தார். சாரு நஸ்ரினை அழைத்தாள்.

"வாத்துகளை வெளியே விடாதே!"

"கைக்கு? ஏன்?"

சாரு எல்லாவற்றையும் சொன்னாள். "நீயே மாட்டிவிட்டுட்டியா?" என்ற குரல் கேட்டது. இணைப்பு அறுந்தது.

மறுநாள் மருத்துவர் நஸ்ரின் வீட்டுக்கு வந்து, வாத்துகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப்போனார். நவாப் என்ற பெரிய வாத்து அவர் கையுறையைக் கடித்துவிட்டது.

முடிவு வர மூன்று நாள். தண்ணீர் இல்லாமல் அவை என்ன செய்யும்? சாரு தன் பழைய நீலக் குளியல் தொட்டியை நஸ்ரின் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். நஸ்ரின் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை அழைப்புமணி அலறியது. நஸ்ரின் மூச்சிரைக்க நின்றாள்.

"மூணுக்கும் ஒண்ணுமில்லையாம்! காட்டு வாத்துகள் போற வரைக்கும் குளத்துக்கு மட்டும் விடக்கூடாதாம்."

சாருவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நஸ்ரின் அவள் கையைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எங்க வீட்டுல ஒரு நீலக் குளம் இருக்கு. நவாப் அதைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறான். அதையும் படத்துல குறிச்சுக்குங்க!"