ஊதா வயர்

முக்கூடல் பஸ் என்னை ஆற்றங்கரை வளைவில் இறக்கிவிட்டபோது பகல் பதினொன்றரை மணி. சித்திரை வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. வளைவிலிருந்து ஆற்றுப் பக்கமாக ஒரு மண்பாதை இறங்கும். பாதை முடிகிற இடத்தில் தனியாக நிற்கிற பழைய ஓட்டு வீடுதான் பாக்கியசீலன் சாருடையது. வீட்டுக்கு வலப்பக்கம் கார் ஷெட்டு.

என் பெயர் பலவேசம். பாளையங்கோட்டையில் நாற்பது வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கண்ணால் பார்த்ததைக்கூட டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவேன். மனுஷனையே நம்பாதவன் பேயை எங்கே நம்பப்போகிறேன்? ஆனால் அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சார்தான் கதவைத் திறந்தார். காலேஜில் பாடம் நடத்துகிறவர். வயசு நாற்பத்தைந்து இருக்கும், பார்த்தால் அறுபது சொல்லலாம். சின்ன வயசில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனவர். அந்தக் காலில் இரும்புப் பட்டை போட்டிருப்பார். நடந்தால் தரையில் டிக், டிக் என்று கேட்கும்.

"வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிக்கீங்களா?"

வீட்டுக்குள் ஒரு சத்தம் இல்லை.

"பாப்பா எங்க சார்?"

"பிரிஸில்லா மச்சான் வீட்டுலதான் இருக்கா. பாளையங்கோட்டைல. 'என் தங்கச்சியக் கொன்ன ஆளுகிட்ட பிள்ளைய எப்படி விடுவேன்'னு கேக்காரு. கேட்டுக்குள்ளயே விட மாட்டேங்காரு. ஞாயித்துக்கெழம போயி ரோட்டுல நின்னு பாத்துட்டு வாரேன். ஜன்னல் வழியா கை காட்டுவா." மோர் டம்ளரை என்னிடம் நீட்டினார். "அவரு கேக்கதுல என்ன தப்பிருக்கு, சொல்லுங்க?"

நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவியைக் கொன்றது அவர் இல்லை. நான்.

அது ஜப்பான் கார். கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறும், ஓட்ட ஒரு கால் போதும். சாரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து தம்பிக்காக அனுப்பிவைத்தது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தாமிரபரணி ஷெட்டுக்குள் ஏறி, காரின் ஜன்னல்வரை நின்றது. அதோடு கியரை மாற்றுகிற கம்ப்யூட்டர் செத்துப்போனது. ஐந்து வருஷம் வண்டி அப்படியே கிடந்தது. போன ஆடியில் அந்த அண்ணன், அதற்குப் பதிலாக வேறொரு கம்பெனி செய்த கண்ட்ரோல் பெட்டி ஒன்றை அனுப்பினார். செங்கல் அளவு இருக்கும். பதினாலு வயர். கூடவே இங்கிலீஷில் எட்டுப் பக்கம் காகிதம்.

காகிதத்தை எனக்குப் படித்துச் சொன்னது சாரின் மனைவி கெசியா டீச்சர். ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பச்சை மைப் பேனாவால் அடையாளம் போட்டபடி ஒவ்வொரு வயராகப் படிப்பார்.

"மூணு. பச்சை. வேகம் பாக்குத சென்சாருக்கு இது அண்ணாச்சி."

நான் லாம்ப் வைத்து, கரண்ட் வருகிறதா என்று பார்ப்பேன்.

"நான் சொல்லுததுல நம்பிக்கையில்லையாக்கும்?"

"காகிதத்துல எழுதுனவன் இங்கன வந்து வண்டிக்கு அடியில படுப்பானா டீச்சர்?"

"எங்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளே தேவல. ஒருவாட்டி சொன்னா கேக்கும்," என்று சிரிப்பார்.

பதிமூன்று வயரும் அவர் படித்தபடியே சரியாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சல்.

பதினாலாவது ஊதா.

"இத லீவர் சுவிட்ச் வழியாத்தான் குடுக்கணுமாம். நேரா சேக்கவே கூடாதுன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. சேத்தா, லீவர் ரிவர்ஸ்ல கெடந்தாக்கூட வண்டி ஸ்டார்ட் ஆயிருமாம்."

கியர் லீவர் எந்த இடத்தில் கிடக்கிறது என்று பார்க்கிற சுவிட்ச் அது. வண்டிக்கு அடியில், கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். வெள்ளத்தில் துருவேறிப் பொடிந்து போயிருந்தது. மெட்ராஸில்கூடக் கிடைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒருதரம் வேலை செய்தது, மறுதரம் செய்யவில்லை. சுவிட்ச் இப்படிப் படுத்தினால் எங்கள் தொழிலில் ஒன்று செய்வோம். அதைத் தள்ளிவிட்டு, இரண்டு முனையையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவோம். டைரக்ட் என்போம். லாரிகளுக்கு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். இதற்கும் செய்தேன். வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆனது.

டீச்சர் குனிந்து கேட்டார். "சுவிட்ச் சரியாயிட்டா அண்ணாச்சி?"

"சரியாயிட்டு டீச்சர்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சார் காரைப் பின்னாலேயே ஷெட்டுக்குள் ஏற்றியிருக்கிறார். டீச்சர் பின்சுவர் ஓரம் நின்று "வரலாம், வரலாம்" என்று சொல்லியிருக்கிறார். பாதியில் எஞ்சின் அணைந்துபோனது. என்ன ஆச்சு என்று டீச்சர் டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டினார். லீவர் ரிவர்ஸிலேயே கிடந்தது. கியரில் கிடந்தால் ஸ்டார்ட் ஆகாது என்று வந்த நாளிலிருந்து பழகின வண்டி. அந்தத் தைரியத்தில் சார் லீவரைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினார். பின்னால் பாய்ந்த வண்டி டீச்சரைச் சேர்த்துச் சுவரில் மோதியது.

விசாரிக்க வந்தவர்கள் என்னையும் கேட்டார்கள். "பெட்டியில ஒரு கொறையும் இல்ல. ஒத்தக் கால் ஆளு. பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிருப்பாரு," என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். சாரும் அதையே நம்பிவிட்டார்.

எட்டு மாதம் ஆகிறது. இப்போது நாகர்கோவில்காரர் ஒருவர் காரை வாங்க வருகிறார், கூடவே இந்த மாதிரி வண்டி தெரிந்த மெக்கானிக்கும் வருகிறான் என்று காதில் விழுந்தது. நானே சாருக்கு போன் போட்டு, பெட்டியைக் கழற்றித் தருகிறேன் என்றேன். பெட்டியா எனக்கு முக்கியம்? ஊதா வயரின் முறுக்கைப் பிரித்துப் பழையபடி வைத்துவிட்டால் பிறகு எவனும் என்னைக் கேட்க முடியாது.

ஷெட்டுக் கதவைத் திறந்தேன். வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே இருட்டு. கார் வாசலைப் பார்த்து நின்றது. அதன் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்தான். கருகின கியர் ஆயில் வாடை இத்தனை மாதம் கழித்தும் போகவில்லை. அதோடு இன்னொரு வாடையும் சேர்ந்து வந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை வாடை.

சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். பாட்டரியைக் கழற்றி வெளியே வெயிலில் வைத்தேன். முன்சீட்டில் படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பெட்டியை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

டப். டப்.

யாரோ டிக்கியில் தட்டினார்கள்.

"சார்?"

ஓடு வெயிலில் வெடிக்கிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காதுக்குப் பக்கத்தில் 'ட்டக்' என்றது. திரும்பிப் பார்த்தேன். கியர் லீவரின் தலையில் ஒரு பித்தான் உண்டு. கட்டைவிரலால் அதை அழுத்தினால்தான் லீவர் நகரும்.

பித்தான் உள்ளே அமுங்கியிருந்தது.

யாரும் தொடவில்லை. லீவர் பையப் பின்னால் வந்து, ரிவர்ஸில் நின்றது. பித்தான் மேலே எழும்பியது.

அப்போதே ஓடியிருப்பேன். ஆனால் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வண்டிக்கு அடியில் இருந்தது. அந்த முறுக்கு. அதைப் பிரிக்காமல் போனால் நாளைக்கு நான் ஜெயிலில். சாக்கை விரித்து, மல்லாந்து, வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

கை அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. நான் சுற்றின கறுப்பு டேப். தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டேன். அடுப்பில் வைத்த கம்பிபோல் சுட்டது.

டெஸ்ட் லாம்பின் கிளிப்பைக் கீழே ஓர் இரும்பில் மாட்டி, ஊசியை டேப்பில் குத்தினேன்.

லாம்ப் எரிந்தது.

பாட்டரி வெளியே வெயிலில் இருக்கிறது. இந்த வண்டியில் கரண்ட் என்பதே கிடையாது. லாம்ப் பளிச்சென்று எரிந்தது.

"பதினாலு," என்றது ஒரு குரல்.

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஊதா."

வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல, அவசரமில்லாத குரல். தலையைத் திருப்பினேன். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே, சுவர் ஓரத்தில், கால் இரண்டு தெரிந்தது. இரும்புப் பட்டை இல்லாத கால்கள். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை. கரை தரையில் படவில்லை. பாதமும் படவில்லை.

என்னைத் தாண்டாமல் அந்த இடத்துக்கு யாரும் போயிருக்க முடியாது.

சக்கரத்துக்கு வைத்த கல் கரகரவென்று நகர்ந்தது. என் நெஞ்சுக்கு மேலே இருந்த இரும்பு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. சட்டைப் பித்தான் அதில் உரசியது.

"சுவிட்ச் சரியாயிட்டா அண்ணாச்சி?"

பக்கவாட்டில் நகரப் பார்த்தேன்.

இன்னும் ஒரு விரற்கடை.

"சுவிட்ச் சரியாயிட்டா?"

"இல்ல டீச்சர்!" என்று கத்தினேன். "சரியாகல! டைரக்ட் பண்ணிட்டேன்! ஒங்ககிட்ட பொய் சொன்னேன். சார் மேல பழி போட்டேன். சார் ஒண்ணும் பண்ணல டீச்சர்!"

லாம்ப் அணைந்தது.

அந்த அமைதியில் வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டிக்.

சார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் ஊர்ந்து வெளியே வந்தேன். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்களுக்கும் கேட்டுதா?" என்று கிசுகிசுத்தார். "தெனமும் இந்நேரத்துக்குக் கேக்கும் அண்ணாச்சி. 'சரியாயிட்டா, சரியாயிட்டா'ன்னு. என்னயத்தான் கேக்கான்னு நெனச்சேன். என்ன சரியாவணும்னு தெரியாம, எட்டு மாசமா மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

முறுக்கின விஷயத்தை அவருக்குப் புரியும்படி சொன்னேன்.

"அப்போ நான் மாத்தி மிதிக்கலையா?"

"இல்ல சார். சாவியத்தான் திருப்புனீங்க. அது ஸ்டார்ட் ஆயிருக்கவே கூடாது."

வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான்கிட்ட காட்ட எழுதிக் குடுங்க அண்ணாச்சி. எனக்கு என் பிள்ள வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார். அப்புறம் என் தோளில் கை வைத்தார். "நீங்களும் தெரியாமத்தான செஞ்சீங்க?"

நல்ல மனுஷன். அவராக எடுத்துக் கொடுத்தார். படிப்பில்லாதவன் தெரியாமல் செய்தான் என்றால் போலீஸ்கூடக் கொஞ்சம் இரங்கும்.

"ஆமா சார்," என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அவரே நீலப் பேனாவில் எழுதினார். கடைசியில் என் பெயரைக் கிறுக்கினேன். மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தேன். பாளையங்கோட்டை போய்ச் சேருகிறவரை அதை வெளியே எடுக்கவில்லை. பஸ்ஸில் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

டீச்சரின் அண்ணன் ஞானசிகாமணி கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே காகிதத்தை வாங்கினார். சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்தி, கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். வாங்கிக்கொண்டேன். மறுபடி படித்தார்.

"'...ஊதா வயரை நேராகச் சேர்க்கக் கூடாது என்று தெரிந்தே சேர்த்தேன்...'"

"தெரியாமன்னுல்லா எழுதுனோம்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சாரும் நிமிர்ந்தார். "ஆமா. நாந்தான எழுதுனேன்."

ஞானசிகாமணி காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

சார் நீலத்தில் எழுதின 'தெரியாமல்' அடிக்கப்பட்டிருந்தது. நேராக ஒரே கோடு. அதற்கு மேலே, பச்சை மையில், குண்டு குண்டான எழுத்தில், 'தெரிந்தே'.

ஞானசிகாமணி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு, இன்னொரு கையால் தடவித் தடவிக் கேட்டின் கொண்டியை எடுத்தார்.

"உள்ள வாங்க மாப்ள," என்றார்.

பிரிஸில்லா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். தூக்கின உயரத்தில் அவள் கண்ணுக்கு நேரே அந்தக் காகிதம் இருந்தது.

"இது அம்மா எழுத்துல்லா," என்றாள்.

அவள் கையை நீட்டி அந்த வார்த்தையைத் தொட்டாள். பிறகு விரலைத் திருப்பி எங்களுக்குக் காட்டினாள். விரல் நுனி பச்சையாக இருந்தது.

"இன்னும் காயவே இல்ல மாமா. அம்மா எங்க?"