வள்ளி கொடுத்த சோழிகள்

வள்ளி தன் சிவப்பு ரிப்பனைக் கொடுத்தபோது அவள் தோழி நீலாம்பாள் சந்தோஷத்தில் குதித்தாள். மறுநாள் பென்சில் டப்பாவைக் கொடுத்தபோது இன்னும் குதித்தாள். மூன்றாம் நாள், யாரையும் தொடவிடாத பன்னிரண்டு சோழிகளையும் மடியில் கொட்டினாளே, அப்போதாவது உறைத்திருக்கக் கூடாதா? உறைக்கவில்லை.

“எதுக்குடி எல்லாத்தையும் குடுக்கிற?”

“போகி வருதில்ல. கழிக்கிறேன்.”

நம்பும்படியாகத்தான் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எல்லா வீட்டிலும் போகிக்குப் பழையதை ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

“வருஷா வருஷம் இப்படியே கழிடி,” என்று நீலாம்பாள் சிரித்தாள்.

வள்ளி சிரிக்கவில்லை. “எனக்கு இனிமே எதுவும் வேணாம். நான் இல்லாட்டி அப்பாவுக்குத் தொல்லை இல்ல. இத யாராண்டையும் சொல்லாத. காமாட்சியம்மன் மேல சத்தியம் பண்ணு.”

சோழிகளின் மேலேயே கண்ணாக இருந்த நீலாம்பாள் சத்தியம் செய்துவிட்டாள்.

வள்ளியின் அம்மா ஆடி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். அதிலிருந்து வள்ளி சரியாகச் சாப்பிடுவதில்லை. விளையாட வருவதில்லை. வகுப்பில் தூங்கி விழுந்தாள். “பொண்ணு எவ்ளோ அடக்கமா ஆயிட்டா பாரு,” என்று தெருவே மெச்சியது. நீலாம்பாளோ அவளுக்கு ‘உம்மணாமூஞ்சி’ என்று பேர் வைத்தாள். பிற்பாடு அதை நினைத்து எத்தனையோ முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போகிக்கு முந்தின நாள். நீலாம்பாள் கூடையில் பழைய சாமான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பட்டம்மாள் ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “கிழிஞ்சது, உடைஞ்சது மட்டும் போடு. நல்லத யாராவது கழிப்பாங்களா?”

நீலாம்பாளின் கை நின்றது. ரிப்பன் புதுசு. டப்பா புதுசு. சோழிகளில் ஒன்றுகூட உடைந்ததில்லை. அப்போதுதான் உறைத்தது.

சத்தியத்தை மீறினால் கண் போய்விடும் என்று பள்ளியில் சொல்வார்கள். போனால் போகட்டும், ஒரு கண்ணாவது மிஞ்சாதா என்று நினைத்துக்கொண்டாள்.

“அம்மா, வள்ளி என்னென்னமோ சொல்றாம்மா. எனக்கு பயமா இருக்குது.”

எல்லாவற்றையும் கேட்ட பட்டம்மாள் ராட்டினத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். இருவரும் வள்ளி வீட்டுக்கு ஓடினார்கள்.

முன்கூடத்தில் வள்ளியின் அப்பா மாணிக்கவாசகம் தறியில் இருந்தார். உள்ளே வள்ளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நீலாம்பாள் ஒட்டி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிட்டேன்டி. கோவிச்சுக்கோ, பரவால்ல. செத்துப்போயிடலாம்னு நெனைக்கிறியா?”

வள்ளி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

பட்டம்மாள் திட்டவில்லை. அணைத்துக்கொண்டாள். “சொன்னியே, அது போதும்மா. உன்னத் தனியா விடமாட்டோம்.”

தறிச் சத்தம் நின்றிருந்தது. மாணிக்கவாசகம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “என் கண்ணெதிர்லயே இருந்தாளே. நான் பாக்கலியே. தொல்லையா? நீதானே எனக்கு...”

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா வள்ளியைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். யாராவது கூடவே இருங்கள், வாரா வாரம் கூட்டி வாருங்கள் என்றார். வெகுநாள் வரை வள்ளி, நீலாம்பாளுக்கும் பட்டம்மாளுக்கும் நடுவில்தான் படுத்தாள்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரையில் ஒரு நாள் வள்ளி வந்து கையை நீட்டினாள்.

“என் சோழியக் குடுடி.”

எண்ணிப் பார்த்தாள். “பதினொண்ணுதான் இருக்குது. ஒண்ணு எங்கடி?”

கொடுத்த அன்றைக்கே ஆடி, ஒன்றைச் சாக்கடையில் விட்டிருந்தாள் நீலாம்பாள். வள்ளி அப்படியொரு பேச்சுப் பேசிய அன்றைக்கு! அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“தொலைச்சிட்டேன்டி. அன்னிக்கே உன்னக் கேட்டிருக்கணும். நான் சோழி ஆடிக்கினு இருந்தேன்.”

வள்ளி அவளையே பார்த்தாள். பிறகு சோழிகளை அவள் கையில் வைத்து மூடினாள்.

“அப்புறமா கேட்டே இல்ல? அழுதது போதும், போடுடி.”

பதினொரு சோழிகளோடு பொழுது சாயும்வரை ஆடினார்கள். எல்லா ஆட்டத்திலும் வள்ளிதான் ஜெயித்தாள்.