இரண்டடி உயரத்தில் ஒரு குற்றம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

திங்கட்கிழமை. காலை ஒன்பது பத்து. மேஜை மேலிருந்த டெலிபோன் அலறியது.

வெள்ளத் தடுப்புத் திட்ட அலுவலகத்தின் சர்வே அதிகாரி, டீயை உறிஞ்சிக்கொண்டே ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்! டிரைவர் பேசறேன்! ஆத்தோரத் தெருவுலேர்ந்து! கொலை மேடம்... பதினோரு கொலை!"

டீ புரையேறியது.

"எ... என்னய்யா சொல்றே? செத்தது யாரு?"

"நம்ம கோடு மேடம்! நீங்க போட்ட பதினோரு சிவப்புக் கோட்டையும் எவனோ சாகடிச்சுட்டான்!"

டீ டம்ளரை நங்கென்று மேஜையில் வைத்தாள்.

போன வருஷத்து வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றதோ, அந்த உயரத்தில் வீட்டுக்கு வீடு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். ஒரு மாத வேலை! மூன்றடிக்கு மேல் தண்ணீர் நின்ற தெருவுக்கு இந்த வருஷத் திட்டத்தில் வெள்ளத் தடுப்புச் சுவர் உண்டு. குறைந்தால் கிடையாது. அடுத்த திட்டம் ஐந்து வருஷம் கழித்துத்தான்.

அதற்குள் ஆறு சும்மா இருக்குமா?

இன்று மூன்று மணிக்குக் கமிட்டித் தலைவர் நேரில் வருகிறார். கையில் டேப்போடு!

பத்தாவது நிமிஷம் அவள் ஆத்தோரத் தெருவில் நின்றாள்.

பழைய கோடுகள் இருந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளைச் சுண்ணாம்பு. புதுக் கோடுகள்... முழங்காலுக்குச் சற்று மேலே!

"திரும்பப் போட்டுடலாமா மேடம்? உங்க சர்வே புக்லதான் அளவு இருக்கே?"

"அந்த மனுஷன் விரலால தொட்டுப் பாப்பாருய்யா. ஈரப் பெயிண்ட்டைப் பாத்தா, நாமளே ஜோடிச்சோம்னு தெருவையே லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுவாரு. புக்கைக் காட்டினா, காகிதத்துல எவன் வேணும்னாலும் எழுதலாம்பாரு."

"அப்ப மாட்டினோமா?"

"மாட்டினோம்."

அவள் குனிந்து டேப்பை வைத்தாள். முதல் வீடு... இரண்டடி. ஆறாவது வீடு... இரண்டடி. ஆற்றை ஒட்டிய கடைசி வீடு... அதுவும் இரண்டடி!

அவள் சிரித்துவிட்டாள்.

"என்ன மேடம், இந்த நேரத்துல சிரிப்பு?"

"தெரு ஆத்தைப் பாத்து சரியுதுய்யா. தண்ணி சமமாத்தானே நிக்கும்? அப்ப மேட்டு வீட்ல கோடு தாழ இருக்கணும், பள்ளத்து வீட்ல உசர இருக்கணும். இவன் எல்லா வீட்லயும் தரையிலேர்ந்து ரெண்டடி அளந்திருக்கான். தண்ணியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாத ஆளு!"

"எனக்கு ஆளைத் தெரியும் மேடம்." டிரைவர் தெருக்கோடியைக் கை காட்டினார்.

வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய புத்தம் புது இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் 'விற்பனைக்கு' என்று போர்டு. போர்டுக்குக் கீழே பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வீட்டு புரோக்கர்.

"வாங்க மேடம், வாங்க! மாடி பாக்கறீங்களா?"

"கோட்டை ஏன்யா இறக்கினே?"

சிரிப்பு பொசுக்கென்று அணைந்தது.

"நானா? ஐயய்யோ! மேடம், நான் விக்கிறது என்னது?"

"வீடு."

"மாடி மேடம், மாடி! கோடு உசர உசரத்தான் என் மாடிக்கு மவுசு! கடைசி வீட்ல அஞ்சரை அடின்னு நீங்க போட்டப்ப உங்க கையைப் பிடிச்சு கும்பிடலாம்னு இருந்தேன். எவனோ ரெண்டடியாக்கி என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டான்!"

அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். கையில் பெயிண்ட் கறை ஒரு பொட்டுகூட இல்லை.

'சரியாத்தானே சொல்றான்...'

அவள் விறுவிறுவென்று திரும்பினாள். கோடு கோடாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

பிசுக்... பிசுக்... பிசுக்...

ஆறாவது வீட்டில் மட்டும் ஒட்டவில்லை. காய்ந்து கிடந்தது!

"முதல்ல போட்டது இது. மத்ததெல்லாம் அப்புறம் போட்டது."

கோடும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடு. ஒரு பிசிறு இல்லை.

அவளுக்கு அந்தக் கை தெரியும். சின்ன வயசில் அவள் நோட்டுக்கெல்லாம் மார்ஜின் போட்டுக் கொடுத்த கை அது.

ஆறாவது வீடு... குழந்தைகள் காப்பகம்.

நடத்துபவள்... அவளுடைய சொந்த அக்கா!

உள்ளே ஒன்பது குழந்தைகள் பாயில் உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருந்தன. அக்கா ஒரு வாண்டுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா... கோடு நீயா?"

அக்கா கைக்குட்டையை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்!"

"நான்தான்டி! என்ன பண்ணச் சொல்றே? எங்க கேட்டுல நாலரை அடியில கோடு போட்டுட்டுப் போயிட்டே. தினமும் காலையில ஒவ்வொரு அம்மாவும் பிள்ளையை அந்தக் கோட்டுப் பக்கத்துல நிறுத்திப் பாக்கறா. பிள்ளை உசரம் மூணடி. அப்படியே தூக்கிட்டுத் திரும்பிப் போயிடறா. பதினஞ்சு பேர் இருந்தாங்க, இப்ப எண்ணிக்கோ!"

தங்கைக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அக்கா, கோடு பயமுறுத்தல. தண்ணிதான் பயமுறுத்துது. சுவர் வரலேன்னா, அடுத்த வெள்ளத்துல இந்தக் குழந்தைங்க..."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் அவ்வளவு தூரம் யோசிக்கலடி..."

"சரி, உன் கேட்டோட விட்டிருக்கலாமில்ல? பதினோரு வீட்லயும் ஏன் கைவச்சே?"

அக்கா நிமிர்ந்தாள்.

"பதினொண்ணா? நான் சனிக்கிழமை எங்க கேட்டுல மட்டும்தான்டி போட்டேன்! நீ குடுத்து வச்சிருந்த பெயிண்ட் டப்பாவை மதில் மேல வச்சேன். ஞாயித்துக்கிழமை பாத்தா டப்பாவையே காணோம்!"

"அப்ப மிச்சம் பத்து...?"

வாசலில் யாரோ இருமினார்கள். எதிர்வீட்டு டெய்லர். விரலெல்லாம் சிவப்பு!

"காப்பகத்து டீச்சர் வீட்ல ரெண்டடின்னா எங்க வீட்ல மட்டும் எப்படிம்மா நாலரை அடி? பாக்கறவன் என்ன நினைப்பான்? நான் எங்க வீட்டுக்கு மட்டும்தான் போட்டேன். டப்பாவைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவருடைய நகக்கண்ணிலும் சிவப்பு.

"நானும் எங்க வீட்டுக்கு மட்டும்தான்..."

தெருவே வாசலுக்கு வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது! பட்டப்பகலில், ஆளுக்கொரு டேப்போடு, வரிசையாகச் செய்த குற்றம்!

"இத்தனை பேருக்கு ஜீப்ல இடம் பத்தாது மேடம்" என்றார் டிரைவர் கவலையாக.

"வாயை மூடுய்யா! சுண்ணாம்பு வேற அடிச்சாச்சு. இனிமே நிஜமான அடையாளத்துக்கு எங்க போறது?"

அக்கா திடீரென்று தங்கையின் கையைப் பிடித்தாள்.

"ஏண்டி... வெள்ளம் வடிஞ்சப்புறம் வீட்டுக்குள்ள வெள்ளையடிச்சப்ப நான் பீரோவை நகர்த்தவே இல்லடி. அந்த இரும்பை யாரு தூக்கறது? பின்பக்கம் சேறு அப்படியேதான் இருக்கும்!"

டெய்லர் துள்ளினார். "எங்க வீட்லயும் நகர்த்தலம்மா!"

"நாங்களும்தான்!"

"அப்ப ஏன் நிக்கறீங்க? தள்ளுங்கய்யா!"

கர்ர்ர்... கிறீச்ச்...! தெரு முழுக்க இரும்புச் சத்தம். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருவருக்குத் தொலைந்துபோன மூக்குக் கண்ணாடி கிடைத்தது.

சரியாக மூன்று மணிக்குக் கமிட்டித் தலைவர் வந்தார். வீடு வீடாக நுழைந்தார். பீரோ பின்னாலிருந்த சேற்றுக் கோட்டைச் சுரண்டி, முகர்ந்து, அளந்தார். மேட்டு வீட்டில் மூன்றரை. காப்பகத்தில் நாலரை. கடைசி வீட்டில் ஐந்தரை.

"தண்ணி பொய் சொல்லாதும்மா. சுவர் உண்டு!"

தெரு கைதட்டியது.

"இருங்க. வெளியில ரெண்டடியில இருக்கே... அது யார் வேலை?"

கைதட்டல் நின்றது. அதிகாரி ஓரடி முன்னால் வந்தாள்.

"முதல்ல போட்டது... எங்க அக்கா சார்."

தலைவர் பாயில் இருந்த ஒரு வாண்டை எழுப்பி நிறுத்தி அளந்தார். இரண்டே முக்கால் அடி. அவர் முகம் இறுகியது.

"சுவர் கட்டி முடிக்க ஒரு வருஷமாகும். அதுவரைக்கும் இங்க ஒரு குழந்தைகூட இருக்கக் கூடாது. இன்னிக்கே காலி பண்ணுங்க!"

அக்கா பொத்தென்று பாயில் உட்கார்ந்தாள். தங்கை ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். தானே அக்காவைக் காட்டிக்கொடுத்து, தானே அவள் பிழைப்பையும் மூடிவிட்டோமே!

தலைவர் ஜன்னல் வழியே தெருக்கோடியைப் பார்த்தார்.

"அந்த மாடி யாருது?"

புரோக்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான்.

"நம்மளுதுதான் சார்! காத்து பிச்சுக்கும்! எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கால்ல ஒரு சொட்டு ஈரம் படாது! மாசக் கணக்கா காலியா இருக்கு சார்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. திட்டத்துல ஒரு விதி இருக்கு. சுவர் முடியற வரைக்கும், காலியா இருக்கற மாடியைக் குழந்தைங்களுக்காக நாங்க எடுத்துக்கலாம். டீச்சர்... எழுந்திருங்க, புது இடத்துக்குக் கிளம்புங்க!"

அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வாண்டுகளும் எதற்கென்று தெரியாமலே குதித்தன.

புரோக்கர் தலையில் கைவைத்தான்.

"அநியாயம் சார்! இந்தத் தெருவுல பெயிண்ட்டைத் தொடாதவன் நான் ஒருத்தன்தான்! எனக்கா சார் தண்டனை?"

டிரைவர் இரண்டு குழந்தைகளைத் தூக்கி அவன் கையில் திணித்தார்.

"மத்தவன் தூக்கினா பிள்ளைங்க சட்டையெல்லாம் சிவப்பாயிடும்யா... நீ ஏறு மாடிக்கு!"