வெப்பப் பயனாளிகள்

சித்திரை மாதத்து உச்சிவேளை. சாத்தூர் தவசிலிங்கத்தின் கல்யாண மண்டபத்தில் ஆறு தழற்கலன்கள் முழுவீச்சில் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஈ காக்காய்கூட இல்லை.

வெப்ப ஊக்கத் துறையின் ஆய்வாளர் தில்லைநாயகியால் வாசலைத் தாண்ட முடியவில்லை. கருவேல முள், பருத்திமார், வாழைச்சருகு என்று எதைப் போட்டாலும் புகையில்லாமல் எரித்து, வெப்பமும் மின்சாரமும் தரும் கருவி தழற்கலன். நிலக்கரியையே ஒழித்துக்கட்டிய கருவி. அது தரும் ஒவ்வோர் அலகு வெப்பத்துக்கும் அரசு ஊக்கத்தொகை கொடுத்தது. விறகு வாங்கும் செலவைவிட அந்தத் தொகை அதிகம். திட்டம் தீட்டிய மேதைகளுக்கு இந்தச் சின்னக் கணக்கு மட்டும் பிடிபடவே இல்லை.

"இந்த வெயில்ல இது எதுக்கு அண்ணாச்சி?"

"எரிஞ்சா காசுன்னுதானே மேடம் சட்டம்? எரியுது." தவசிலிங்கம் இளநீரை நீட்டினார். "சட்டத்துக்குப் புறம்பா நான் எதுவும் செய்யமாட்டேன்."

அவள் இளநீரைத் தொடவில்லை. வழியெல்லாம் மொட்டைக் காடுகளைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். கருவேலம் போனபோது ஊரே மகிழ்ந்தது. பிறகு வேம்பும் புளியும் போயின. கடைசியில், விளைந்த சோளத்தையே கதிரோடு அறுத்துக் கலனில் போட்டார்கள்.

'இந்த வெப்பத்தால் ஒரு மனிதர்கூடப் பயன்பெறவில்லை' என்று அறிக்கையில் காட்டமாக எழுதினாள்.

துறை அந்த வரியை அப்படியே பிடித்துக்கொண்டது. இனிமேல் கலன் எரியும் இடத்தில் மனிதர்கள் இருந்தாக வேண்டும். தலைகளை எண்ணும் 'ஆள்காணி' என்ற கருவி ஒவ்வொரு கூடத்திலும் பொருத்தப்பட்டது. ஆள் குறைந்தால் தொகை நிற்கும். இணை இயக்குநர் ஞானசம்பந்தம் இதற்கு 'மனித முகம் கொண்ட திருத்தம்' என்று பெயர் சூட்டி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வைகாசியில் மறுபடி போனாள். மண்டபம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஊர்ச்சனம் உட்கார்ந்திருந்தது. வெப்பப் பயனாளிகளாம். தினக்கூலி உண்டு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருவம்மாள் என்ற வயதான பெண் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். தில்லைநாயகி ஓடிப்போய் அவளை வெளியே இழுத்துக் கிடத்தினாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். திரும்ப உள்ளே போய் ஆறு கலன்களையும் அணைத்தாள்.

"யாரைக் கேட்டு அமத்துன?" கூட்டம் எகிறியது.

கண் திறந்த குருவம்மாளே அவள் கையைப் பிடித்தாள். "தாயி, போட்டு விட்டுரு. சீக்குக்காரின்னு தெரிஞ்சா நாளைக்கு என்னயக் கூப்பிடமாட்டாக."

"செத்துப் போயிருவீங்கம்மா."

"களையெடுக்கப் போகலாம்னா காடு எங்க இருக்கு? எல்லாத்தையும்தான் எரிச்சுட்டாகளே."

தவசிலிங்கம் சாவகாசமாக வந்து கலன்களை மறுபடி மூட்டினார். "என் மக கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வரல மேடம்."

கொதித்துப்போய் அலுவலகம் திரும்பியவள் கதவைத் திறந்தாள். முகத்தில் அனல் அறைந்தது. கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் புத்தம்புதுத் தழற்கலன். ஞானசம்பந்தம் பனியனோடு உட்கார்ந்து ஒரு கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. உங்க புண்ணியம்தான். எப்பவும் ஆள் இருக்கிற இடம் நம்ம ஆபீஸ்தானே? வர்ற தொகையில எல்லாருக்கும் பங்கு."

"சார், சாத்தூர்ல ஒரு அம்மா சாகக் கிடந்தாங்க."

"அப்படியா? எழுதிக் கொடுங்க. உட்கார்ந்து எழுதுங்க."

அவர் 'உட்கார்ந்து' என்பதை அழுத்திச் சொன்னார். தில்லைநாயகி அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வீசிவிட்டு வாசலுக்கு நடந்தாள். சுவரில் இருந்த ஆள்காணி சிவப்பாக மின்னியது.

"ஐயையோ மேடம், போகாதீங்க! தலை குறையுது!"

டீ குடிக்க எழுந்த எழுத்தர் பதறிப்போய்த் திரும்ப உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து முதல்முறையாக, அன்று மாலை மணி அடிக்கும்வரை ஒருவர்கூட இருக்கையை விட்டு எழவில்லை.